'அமூர்' படத்தைத் திரையிடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சிறிய திரைப்படக் கழகத்தில் மிஷேல் ஹனேகேயின் 'அமூர்' போட்டார்கள். 2012இல் வந்த பிரெஞ்சு மொழிப் படம். வாசலில் ஒட்டியிருந்த தாளில் "கருணையா? கொலையா? படம் முடிந்ததும் விவாதம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அறிமுகம் பேசிய இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உழைத்துத்தான் தயாரித்து வந்திருந்தார். ஆனால் பத்து வருடங்களுக்கு முன் இதே படத்துக்கு நான் செய்த தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கேபிளை மறந்துவிட்டு வருவது, சப்டைட்டில் ஓடாத கோப்பைக் கொண்டுவருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். பட்டும் தெரியாமல் போகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும். முடிவு உட்படப் படத்தின் கதை இதில் வருகிறது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசல் கதவைத் திறந்து வைப்பது

ஏழு மணிப் படத்துக்கு ஏழேகாலுக்கு வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. மற்ற படங்களில் பொறுத்துக்கொள்ளலாம். 'அமூர்' தொடங்குவதே தீயணைப்பு வீரர்கள் ஒரு வீட்டுக் கதவை உடைத்து நுழைவதில்தான். உள்ளே நாற்றம். ஒட்டுநாடா போட்டு அடைத்த ஓர் அறை. கட்டிலில் ஒரு மூதாட்டியின் உடல், தலையைச் சுற்றிப் பூக்கள். அதற்குப் பிறகுதான் படத்தின் பெயரே வருகிறது.

அந்த மூதாட்டி ஆன் இறக்கப்போகிறாள் என்பதை ஹனேகே முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார். இதைப் பார்க்காமல் நுழைந்தவர்கள் கடைசிவரை "அந்தம்மா பிழைப்பாங்களா?" என்ற பதைப்போடு உட்கார்ந்திருப்பார்கள். என் திரையிடலில் பத்துப் பேராவது அப்படி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு ஏதோ ஒரு படம். இப்போதெல்லாம் ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

'முதியோர் படம்' என்று சொல்லி அழைப்பது

எண்பதைத் தாண்டிய ஜார்ஜ், ஆன் என்ற இசை ஆசிரியத் தம்பதியின் கதைதான், உண்மை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆசை என்ற ஒன்று அந்த வீட்டில் எப்போதோ முடிந்துபோயிருக்கும் என்று கூட்டம் முடிவு செய்துவிடுகிறது. பழைய மாணவனின் கச்சேரிக்குப் போய்விட்டு இருவரும் வீடு திரும்புகிறார்கள். கோட்டைக் கழற்றும் நேரத்தில் ஜார்ஜ், இன்று நீ அழகாக இருந்தாய் என்று சொன்னேனா என்று ஆனிடம் கேட்கிறார். மறுநாள் காலை உணவு மேசையில் அவளுக்கு முதல் முறையாக நினைவு அறுகிறது. அதற்கு முந்தைய இரவு இது. இந்த வரியைக் கவனிக்காதவருக்குப் பின்னால் வருவதெல்லாம் வெறும் நோயாளி பராமரிப்பாகத்தான் தெரியும்.

நடிகர்களின் முகங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆனாக வரும் எம்மானுவேல் ரிவா 1959இல் 'ஹிரோஷிமா மான் அமூர்' படத்தின் நாயகி. ஜார்ஜாக வரும் ழான் லூயி த்ரன்தின்யான் 1966இல் 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' படத்தின் நாயகன். பிரெஞ்சுப் பார்வையாளர்கள் இருவரையும் காதலர்களாகவே அறிந்தவர்கள். சக்கர நாற்காலியிலிருந்து சோபாவுக்கு மாற்ற ஜார்ஜ் குனிகிறார், ஆன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், இருவரும் தடுமாறியபடி அப்படியே நிற்கிறார்கள். அந்தச் சில நொடிகளைத் தழுவல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

'கருணைக்கொலைப் படம்' என்று அறிமுகம் செய்வது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம், நானே செய்திருக்கிறேன்.

அன்று மேடையேறிப் பத்து நிமிடம் பேசினேன். கருணைக்கொலை என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, சரி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வழக்கறிஞர் எழுந்து, பல்லாண்டுகள் உணர்விழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினார். இன்னொருவர் மறுத்தார். ஒருவர் மதத்தைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் அனல் பறந்தது. நல்ல கூட்டம் என்று மகிழ்ந்துபோயிருந்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு வாசலில் ஒரு பெரியவர் நின்றார். எழுபதுக்கு மேல் இருக்கும். "தம்பி, தண்ணி குடிக்க மாட்டேன்னு அந்தம்மா துப்பினப்போ அவர் அறைஞ்சார் இல்லையா? அதைப் பத்தி யாராவது பேசுவீங்கன்னு உட்கார்ந்திருந்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய மனைவி நான்கு வருடமாகப் படுத்த படுக்கை என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைத் தவிர வேறு யாரும் அன்று அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் பிறகு அவர் எங்கள் திரையிடல்களுக்கு வரவே இல்லை.

படம் இரண்டு மணி ஏழு நிமிடம். ஜார்ஜ் தலையணையை எடுத்து ஆனின் முகத்தில் அழுத்துவது கடைசிப் பகுதியில் ஓரிரு நிமிடம். மற்றதெல்லாம் அதற்கு முந்தைய நாட்கள். கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்குச் செய்த அறுவை சிகிச்சை பலிக்காமல் ஆனின் வலப்பக்கம் செயலிழக்கிறது. நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் இது தவறிப்போகும் என்று மருத்துவர்கள் சொன்னதாக ஜார்ஜ் மகளிடம் சொல்கிறார். இனி என்னை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடாது என்று ஆன் சத்தியம் கேட்கிறாள். அந்த ஒரு வாக்கின் விலையைத்தான் ஹனேகே நாள் நாளாக எண்ணிக் காட்டுகிறார். கழிவறை, டயப்பர், முரட்டுத்தனமாகத் தலை சீவிவிடும் தாதி, அவ்வப்போது வந்து அழுதுவிட்டுப் போகும் மகள் ஏவா. தன்னை வளர்த்த உறவினர் ஒருவரின் கடைசிக்கால வேதனையைப் பார்த்ததிலிருந்து பிறந்த படம் இது என்று ஹனேகே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாம் நேசிக்கும் ஒருவர் துன்பப்படுவதை எப்படித் தாங்கிக்கொள்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தப் பெரியவர் கேட்டதற்காக மறுபடி போட்டுப் பார்த்தேன். அறைந்த கை அப்படியே நிற்கிறது. ஜார்ஜின் முகத்தில் முதலில் தெரிவது வெறும் திகைப்புதான். மன்னிப்பு அதற்குப் பிறகு வருகிறது. கடைசியில், பேச்சுக் குழறிப்போன ஆன் வலிக்கிறது, வலிக்கிறது என்று ஓயாமல் கத்தும்போது, அவர் அவள் கையைத் தடவியபடி சிறுவயதுக் கதை ஒன்று சொல்கிறார். முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவன், பிடிக்காத பாலரிசி இனிப்பைத் தின்று முடிக்கும்வரை மேசையை விட்டு எழக்கூடாது என்று உட்கார வைக்கப்பட்ட கதை. சந்தோஷமாக இருந்தால் பூ, இல்லையென்றால் நட்சத்திரம் வரைந்து அஞ்சலட்டை அனுப்பச் சொல்லியிருந்தாள் அம்மா. சிறுவன் அட்டை முழுக்க நட்சத்திரம் வரைந்து அனுப்புகிறான். வேண்டாம் என்றதை வாயில் திணிக்கப்பட்ட பிள்ளை, வேண்டாம் என்றவளின் வாயில் தண்ணீரை ஊற்றிய கிழவனாக அங்கே உட்கார்ந்திருக்கிறான். கத்தல் அடங்குகிறது. தலையணை அதற்குப் பிறகுதான்.

அவர் எப்போது முடிவெடுத்தார்? தண்ணீர் துப்பிய நாளிலா, அந்த நொடியிலா? முகத்தில் எதுவும் எழுதியில்லை. விவாதத்துக்கு ஒரு தரப்பும் ஒரு காரணமும் வேண்டும். ஜார்ஜ் நமக்கு எந்தக் காரணமும் தரவில்லை. முன்கூட்டியே கருணைக்கொலை என்று சொல்லிவிட்டால், கூட்டம் அந்தக் கடைசி நிமிடங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். சோறூட்டுவதும் துணி மாற்றுவதும் தீர்ப்புக்கான சாட்சியங்களாகச் சுருங்கிவிடும்.

இப்போது நான் அறிமுகத்தில் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. முடிந்ததும் முதலில் கேட்பது அந்தத் தண்ணீர்க் காட்சியைப் பற்றி. பெரும்பாலும் யாரும் உடனே பேசுவதில்லை. அப்புறம் யாரோ ஒருவர் தன் அம்மாவைப் பற்றி மெதுவாகத் தொடங்குவார்.

வீட்டுக்குள் பறந்துவரும் புறாவுக்கு அர்த்தம் சொல்வது

சொல்லாதீர்கள்.

விருதுப் பட்டியல் வாசிப்பது

கான் விழாவில் தங்கப் பனை, ஆஸ்திரியாவின் சார்பில் ஆஸ்கர், பிரான்சின் சீசர் விருதுகள் ஐந்து. ஒரே மூச்சில் சொல்லி நிறுத்துங்கள்.

'ஹாப்பி எண்ட்' படத்தை இரண்டாம் பாகம் என்பது

2017இல் வந்த அந்தப் படத்திலும் த்ரன்தின்யானின் பெயர் ஜார்ஜ்தான், மனைவியைப் பற்றி இதே போன்ற ஒன்றை அவர் சொல்கிறார். ஆனால் அது வேறு குடும்பம், வேறு ஊர். ஜார்ஜ், ஆன் என்ற பெயர்கள் ஹனேகேயின் பல படங்களில் திரும்பத் திரும்ப வருபவை.

முடிந்ததும் விளக்கைப் போடுவது

இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. கேட்கும் இசையெல்லாம் பியானோவிலிருந்தோ குறுந்தகட்டிலிருந்தோ வருவது, அதுவும் பாதியில் நின்றுவிடுவது. அதனால் முன்னும் பின்னும் கூடத்தில் எந்தப் பாட்டும் போடாதீர்கள்.

கடைசியில் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. ஜார்ஜ் எழுந்து போகிறார், ஆன் அங்கே நிற்கிறாள், கோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள், இருவரும் வெளியே போகிறார்கள். பிறகு ஏவா காலியான வீட்டுக்குள் வந்து, அறை அறையாகப் பார்த்துவிட்டு, தனியாக உட்காருகிறாள். திரை இருள்கிறது. பெயர்கள் ஓசையே இல்லாமல் வருகின்றன. கடைசிப் பெயரும் மறையும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று, விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் மாலையிலேயே சொல்லிவிடுகிறேன்.