சரிவு நிலத்தில் மரப்பயிர்: ரசல் ஸ்மித் காட்டிய வழி

சரிவான நிலத்தை உழத் தொடங்குமுன் ஜோசப் ரசல் ஸ்மித் (1874–1966) கண்டதை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் புவியியல் கற்பித்த அவர், சீனப் பெருஞ்சுவரின் அடியில் உழுது பாழான சரிவுகளை 50 அடி ஆழத்துக்கு மழைநீர் அறுத்திருந்ததையும், கோர்சிகாத் தீவின் செங்குத்தான மலைகளில், உணவாகும் கொட்டை தரும் செஸ்ட்நட் மரத்தோப்புகளை நம்பி ஊர்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்ததையும் கண்டார். சமவெளிக்கு ஏர், மலைக்கு மரம் என்ற அவருடைய வாதம் 1929-இல் ‘ட்ரீ கிராப்ஸ்’ (மரப்பயிர்கள்) என்ற நூலாக வெளிவந்தது.

முதல் வேலை, தாய்மரத்தைத் தேடுவது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம் காய்ப்பும் சுவையும் பெரிதும் மாறும். காய்களைக் கால்நடைத் தீவனமாக்கக்கூடிய ஹனி லோகஸ்ட் மரத்தில் மிக இனிப்பான காய் தருவதைக் கண்டறியப் பரிசே அறிவிக்கப்பட்டது. அப்படிக் கிடைத்தவைதான் மில்வுட், கால்ஹூன் ரகங்கள். ஆகவே ஊர்ப் பெரியவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். காயை நீங்களே சுவைத்துப் பாருங்கள். ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் மரமா என்பதையும் சில பருவங்கள் கவனியுங்கள்.

விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், தேர்ந்த மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக்கட்டுங்கள்.

நடும் வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். சம நீளமுள்ள இரு கம்புகளையும் அவற்றின் நடுவே ஒரு குறுக்குக் கம்பையும் ஆங்கில ‘ஏ’ (A) வடிவில் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். இரு முளைகளின் மீது அதை நிறுத்தி, குறுக்குக் கம்பில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி மீண்டும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே மட்டம். ஒரு காலை ஊன்றி, நூல் நடுப்புள்ளிக்கு வரும்வரை மறு காலை நகர்த்தி, அங்கே முளை அடித்துக்கொண்டே செல்லுங்கள். அந்த வரிசையில் வரப்பு போட்டு, மேற்புறம் நீர் தேங்கக் குழி எடுத்தால் மழைநீர் வேருக்கே போய்ச் சேரும்.

மரம் காய்க்கும்வரை இடைவெளியில் புல் வளர்த்து அறுத்துப் போடலாம். கன்றுகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தை அடையும்வரை மேய விடாதீர்கள். ஒரே இனத்தை மட்டும் நடவும் வேண்டாம். புளூ ரிட்ஜ் மலையில் ஸ்மித் வளர்த்த செஸ்ட்நட் மரங்களைக் கருகல் நோய் அழித்துவிட்டது. அதன் பிறகும் மனந்தளராமல் வால்நட், பெர்சிம்மன் என்ற பழமரம் எனப் பல இனங்களை அவர் வளர்த்துப் பார்த்தார்.