விசிடி பெட்டியும் பழைய மடிக்கணினியும்: லினக்ஸில் ஒரு குடும்பத் திரையரங்கம்

மலேசியத் தோட்டப்புறத்துப் பட்டணங்களில் பல வீடுகளின் அலமாரியில் ஒரு பழைய மடிக்கணினி படுத்திருக்கும். 2020, 2021-இல் பள்ளிகள் மூடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தபோது அவசரத்துக்குப் பழையதாக வாங்கியதாக இருக்கும். இல்லை, அண்ணன் கல்லூரி முடித்ததும் விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழும்.

போட்டுவிடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அது மீண்டும் ஓடும். அதே அலமாரியில் இன்னொரு பெட்டியும் இருக்கும்: அத்தை கல்யாண விசிடி, தைப்பூசக் காவடி டிவிடி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா. சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில், தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறி வந்த குடும்பங்களுக்கு, பழைய லயமும் கோயில் திடலும் இன்றைக்கு இந்த வட்டுகளில்தான் இருக்கின்றன. இவற்றைப் போட்டுப் பார்க்க வட்டு இயக்கி வேண்டும். புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது கிடையாது, உங்கள் பழையதில் இருக்கலாம். என்னைக் கேட்டால், அதைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைக்க இந்த ஒரு காரணமே போதும். சினிமா பார்ப்பதெல்லாம் கொசுறு.

கீழே சொல்லும் முறையில் கருப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வேலை கிடையாது. எல்லாம் சுட்டியால் அழுத்திச் செய்வதுதான். ஒரு சனிக்கிழமை போதும். வட்டுகளை மாற்றி எடுக்கும் வேலைக்கு மட்டும் கூடுதல் நாள் வேண்டும்.

முதலில் கணினியைப் பாருங்கள்

64-பிட் செயலி, குறைந்தது 2 ஜிபி ரேம். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் போட்டால் வேகம் அடியோடு மாறும். கையில் இருக்கும் பணத்தை ஒரே ஒரு பொருளுக்குச் செலவழிக்க முடியும் என்றால் அதற்கே செலவழியுங்கள். ஈப்போவில் கணினிக் கடைகளில் கிடைக்கும், இணையத்திலும் வாங்கலாம்.

பேட்டரியைக் கட்டாயம் கவனியுங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழுந்திருந்தாலோ, அந்த பேட்டரியோடு எந்த வேலையும் வேண்டாம். அதைக் கழற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. கழற்றும் வகை பேட்டரி உள்ள பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். மின்சாரம் போனால் சட்டென்று அணையும், அவ்வளவுதான். உள்ளே திருகி வைத்த பேட்டரி என்றால் கடைக்காரரிடம் கொடுத்து எடுப்பது நல்லது.

விசிறித் துவாரத்தில் அடைத்திருக்கும் தூசியை ஒரு சின்ன தூரிகையால் தட்டி எடுங்கள். நம் ஊர் வெயிலில் இதைச் செய்யாவிட்டால் படம் ஓடும்போது விசிறி அலறும்.

எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். விஜிஏ மட்டும் இருந்தால் விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். விஜிஏ ஒலியைக் கடத்தாது என்பதால், ஒலிக்கும் தனிக் கம்பி உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் பல வகை உண்டு. நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. லிப்ரீஎலெக் என்று ஒன்று உண்டு. அது கோடி (Kodi) என்ற, வீடியோக்களை அடுக்கிக் காட்டும் மென்பொருளை மட்டும் ஓட்டும், மிக இலகுவானது. ஆனால் அதில் வழக்கமான பிரௌசர் இல்லை. பிள்ளைகள் பள்ளி வேலைக்குக் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் நுழைய வேண்டும், அம்மாவுக்கு ஏதாவது பாரம் நிரப்ப வேண்டும் என்றால் அது உதவாது. மின்ட் இரண்டுக்கும் ஆகும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

மின்ட் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவுவதற்கான முழு நகல்) ஏறக்குறைய 3 ஜிபி. தோட்டத்துக்குள் இருந்து கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்காதீர்கள். பட்டணத்தில் ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது பெலினா எட்சர் என்ற மென்பொருள் மூலம் அந்தக் கோப்பை அதில் எழுதுங்கள். சும்மா காப்பி செய்து ஒட்டினால் கணினி அதிலிருந்து கிளம்பாது. பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

பழையதைக் காப்பாற்றிவிட்டு நிறுவுங்கள்

மடிக்கணினியில் இருக்கும் படங்கள், வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டீர்களா? டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா? சரி, இப்போது பென்டிரைவைச் செருகிக் கணினியைப் போடுங்கள். போட்ட உடனே லெனோவோ, டெல் என்றால் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் முதலில் எஃப்2 வழியாக பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை இயக்கிவிட்டால்தான் வேலை செய்யும்.

மின்ட் நேரே நிறுவத் தொடங்காது. பென்டிரைவிலிருந்தே ஓடிக் காட்டும். இந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, தொலைக்காட்சியில் படமும் ஒலியும் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் திரையில் உள்ள 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்துங்கள். நடுவில் 'மல்டிமீடியா கோடெக்ஸ்' என்று ஒரு கட்டம் வரும். வீடியோ, ஒலிக் கோப்புகளைத் திறக்க அது வேண்டும், அதில் டிக் போட மறக்காதீர்கள். 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தால் பழைய விண்டோஸ் முழுதாகப் போய்விடும். கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு என்று ஒரு கணக்கு, கடவுச்சொல்லோடு. மீதி எல்லாம் 'அடுத்து, அடுத்து'.

தமிழில் தட்டச்சு வேண்டுமா? 'கீபோர்ட்' அமைப்பில் 'லேஅவுட்' பகுதிக்குப் போய், இந்தியாவின் கீழ் தமிழ்நெட் 99 விசைப்பலகையைச் சேர்த்தால் போதும்.

தொலைக்காட்சியோடு சேர்த்தல்

எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதும் படம் வந்துவிடும், ஒலி மட்டும் மடிக்கணினியிலேயே நிற்கும். 'சவுண்ட்' அமைப்பில் 'கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் கோளாறு கணினியில் இல்லை. தொலைக்காட்சியின் படஅளவு மெனுவில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதை அழுத்துங்கள்.

மடிக்கணினியை மூடி வைத்தே ஓட்ட, 'பவர் மேனேஜர்' போய் மூடியை மூடும்போது 'ஸ்விட்ச் ஆஃப் டிஸ்ப்ளே' என்று வையுங்கள். விசிறித் துவாரம் சுவரோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து கோடி, விஎல்சி (வீடியோ ஓட்டி), ஹேண்ட்பிரேக் (வீடியோ வடிவம் மாற்றி) மூன்றையும் நிறுவுங்கள். கோடி 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கியது. 2014-இல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். அதில் படம் எதுவும் கூடவே வராது, உங்களிடம் இருப்பதை அழகாக அடுக்கிக் காட்டும், அவ்வளவே. 'எல்லாப் படமும் இலவசம்' என்று யாராவது கோடி போட்ட பெட்டி விற்க வந்தால், அது திருட்டுப் படம் காட்டும் ஆட்-ஆன் ஏற்றிய பெட்டி. பிள்ளைகள் உள்ள வீட்டில் என்ன விளம்பரம் எப்போது குதிக்கும் என்று சொல்ல முடியாது. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் ஆர்டிஎம் கிளிக் தளத்தில் அதன் நிகழ்ச்சிகளையும் மின்னல் எஃப்எம் வானொலியையும் பிரௌசரிலேயே காசில்லாமல் கேட்கலாம், பார்க்கலாம்.

வட்டுகளை மாற்றி எடுத்தல்

வட்டில் பூஞ்சையோ பிசுக்கோ இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவுங்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடே போய், வட்டைப் படிக்கவே விடாது.

விசிடிக்கு ஒரு குணம் உண்டு. லினக்ஸில் உள்ளே இருக்கும் டேட் (DAT) வகைக் கோப்பை இழுத்துக் காப்பி செய்யப் பார்த்தால் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். வட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். விசிடி தன் வீடியோவை எழுதும் முறையே வேறு. விஎல்சியில் 'மீடியா', 'ஓப்பன் டிஸ்க்', அதில் விசிடியைத் தேர்ந்து, 'பிளே' பட்டனின் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'கன்வெர்ட்' கொடுங்கள். எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) எம்பி4 வகையைத் தேர்ந்து ஒரு பெயர் வைத்தால் தானாக எழுதத் தொடங்கும். விசிடி படம் 352க்கு 288 புள்ளிகள்தான். பெரிய தொலைக்காட்சியில் மங்கலாகத்தான் தெரியும். பெரிதாக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம், இல்லாத முகத்தை அது வரைந்துவிடும்.

டிவிடி இதைவிட எளிது. வீட்டு நிகழ்ச்சி டிவிடிகளில் பூட்டு இருக்காது. ஹேண்ட்பிரேக்கில் வட்டைத் திறந்து 'ஃபாஸ்ட் 576பி25' என்ற முன்னமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மலேசியாவின் பழைய பால் (PAL) தொலைக்காட்சி முறை வீடியோவுக்கு அதுதான் பொருத்தம். பழைய கணினியில் ஒரு வட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

எச்.265 வகைக்கு மாற்றினால் இடம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். இன்டெல் 6-ஆம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் அதை விரிக்கும் தனி வன்பொருள் பெரும்பாலும் இல்லை, படம் திக்கித் திணறலாம். எச்.264 போதும். யூடியூப் திணறுவதும் பாதி இதே காரணத்தால்தான். பயர்ஃபாக்ஸில் 'என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை' என்ற நீட்சியைச் சேர்த்தால் அது எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும்.

கோப்புகளுக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள்: '1998 அத்தை கல்யாணம்', '2004 தைப்பூசம்'. வரிசை தானாக அமைந்துவிடும். ஆண்டு தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். யார் பிள்ளை யார் இடுப்பில் இருந்தது என்பதை வைத்தே சொல்லிவிடுவார்.

கோடியில் 'வீடியோஸ்', 'ஃபைல்ஸ்', 'ஆட் வீடியோஸ்' வழியாக அந்த ஃபோல்டரைச் சேர்க்கும்போது, 'இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு 'நன்' (None, எதுவும் இல்லை) என்று விடுங்கள். 'மூவீஸ்' என்று போட்டால் கோடி இணையத்தில் தேடி, அத்தை கல்யாணத்துக்கு ஏதோ ஒரு சினிமாவின் போஸ்டரை ஒட்டிவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி ஃபோல்டர் போட்டு, உள்ளே ஒரு படத்தை ஆங்கிலத்தில் 'ஃபோல்டர்' என்ற பெயரில் ஜேபிஜியாக வையுங்கள். அந்தப் படமே முகப்பாக வரும். எழுத்து படிக்கத் தெரியாத தாத்தாவும் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார். தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 'இன்டர்ஃபேஸ்', 'ஸ்கின்' பகுதியில் ஃபான்டை 'ஏரியல் பேஸ்டு' ஆக்கிப் பாருங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் ரோமன் எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' பகுதியில் 'வீடு' என்று கடவுச்சொல் தேவைப்படாத சாதாரணக் கணக்கு ஒன்று திறங்கள். 'லாகின் விண்டோ'வில் அந்தக் கணக்கு தானாக நுழையும்படி வைத்து, அதற்குள் போய் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' பட்டியலில் கோடியைச் சேருங்கள். வீடியோ ஃபோல்டர் அந்தக் கணக்கிலும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டனை அழுத்தினால் நேரே கோடி வந்து நிற்க வேண்டும். வேறு ஐகானைத் தேடச் சொன்னால் பெரியவர்கள் இரண்டாவது நாளே ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆபாசத் தளங்களைத் தடுக்க கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தரும் குடும்ப டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) இலவசம். வைஃபை இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் தானியங்கி முகவரி மட்டும் என்று வைத்து, டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் எழுதுங்கள். ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகத் தப்பிப் போகும். பயர்ஃபாக்ஸில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' அணைந்திருக்க வேண்டும். இது யூடியூபுக்குள் இருப்பதைத் தடுக்காது. அதற்கு வரவேற்பறையில் வைத்துக் கூடவே உட்காருவதுதான் வழி.

ரிமோட்டுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் கோரே என்ற செயலி, கோடி குழுவே வெளியிடுவது. கோடியில் 'சர்வீசஸ்', 'கன்ட்ரோல்' போய் எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டை இயக்கிப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால், ஒரே வைஃபையில் உள்ள ஃபோன் ரிமோட் ஆகிவிடும். ஃபோன் பிடிக்காத பெரியவருக்கு யுஎஸ்பி கம்பியில்லாச் சுட்டி ஒன்று.

இடி மழை

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்துக்கு வரும் மின்கம்பி, தொலைக்காட்சி ஆன்டெனாக் கம்பி, எச்டிஎம்ஐ எல்லாமே இடியின் வழிகள். சர்ஜ் பாதுகாப்புப் பட்டை உதவும், ஆனால் பக்கத்தில் விழும் இடிக்கு அது ஈடு கொடுக்காது.

மாற்றி எடுத்த வீடியோக்களை எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்து சித்தப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். அவர் வீட்டு விண்டோஸிலும் அது திறக்கும். கீழ்ப் பட்டையில் இருக்கும் கேடய ஐகான்தான் 'அப்டேட் மேனேஜர்'. மாதம் ஒரு முறை பெரியவர் கணக்கில் நுழைந்து அதை அழுத்துங்கள். அதற்கு முன் 'டைம்ஷிஃப்ட்' (கணினி அமைப்பை நகலெடுக்கும் கருவி) ஒரு படி எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட்டில் ஏதாவது குளறுபடி ஆனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.