‘பிளாக் இல்லை’ என்றதும் ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள்

ஆஞ்சியோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ‘பிளாக்’ என்ற ஒரே சொல்லைத்தான். அது இல்லையென்றால் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். ரத்தக் குழாய் எங்கே கிளம்புகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற வரியை யாரும் படிப்பதில்லை.

இதயத் தசைக்கு ரத்தம் தரும் இரண்டு கரோனரி குழாய்களும், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் அடியிலிருந்து வலம், இடம் எனப் பிரிந்து கிளம்பும். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இது மாறியிருக்கும். மாறியிருந்தாலே ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம். குழாய் சிறிது தூரம் தசைக்குள் புதைந்து போவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் அப்படிப்பட்டவர், நெஞ்சு வலிக்கிறதென்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடக் கூடாது. அந்த இடத்தில் தசை குழாயை நெருக்குவதை அது கூட்டிவிடலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. இடது குழாய் வலப்பக்கம் கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து போவது. ஓடும்போது அந்தக் குழாய் நெருக்கப்பட்டு, ரத்தம் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில் குறைந்துபோகும். பள்ளி மைதானத்தில் பையன் மயங்கி விழுந்தால், ‘வெயில், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டான்’ என்று சோடா கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிரேயரில் நின்றபடி மயங்குவது வேறு, ஓடும்போதே விழுவது வேறு. இரண்டாவதை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஈசிஜி, டிரெட்மில் இரண்டும் நார்மலாக வந்தாலும் நம்பி விடக்கூடாது. எக்கோவில் குழாய் கிளம்பும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிடி ஆஞ்சியோ.

‘இத்தனை வருஷம் விளையாடியவன், எனக்கென்ன?’ என்பதும் தவறுதான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் என்பிஏ என்ற தொழில்முறை லீக்கில் 10 சீசன் ஆடியவர். 1988 ஜனவரியில், 40 வயதில், ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்து இறந்தார். அவருக்குப் பிறவியிலேயே இடது கரோனரி குழாய் இல்லை என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

அப்புறம், கைக்குழந்தைகள். அபூர்வமாக இடது குழாய் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கும். பிறந்த புதிதில் ஒன்றும் தெரியாது. நுரையீரல் அழுத்தம் இறங்க இறங்க, ஒன்றிரண்டு மாதத்தில் இதயத் தசை ரத்தமில்லாமல் தவிக்கும். பால் குடிக்கும்போதே குழந்தைக்கு நெற்றி வேர்க்கும், மூச்சு வாங்கும், வெளுத்துப்போய் வீறிடும். உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுக்கத் தூக்கிப் போவார்கள், இல்லை கிரைப் வாட்டர் கொடுப்பார்கள். தயவுசெய்து அன்றைக்கே குழந்தை இதய மருத்துவரிடம் போங்கள். குழாயை மகாதமனியில் மாற்றிப் பொருத்தினால், துவண்டுபோன இதயம் பெரும்பாலும் தேறிவிடும்.