ஒதெல்லோவைப் படிப்பவர்கள் தவறவிடும் இடங்கள்

"அளவுக்கு மீறிக் காதலித்தான், அதனால்தான் கொன்றான்." ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன், வெனிஸின் படைத்தளபதி ஒதெல்லோவைப் பற்றித் தேர்வுத் தாளிலும் மேடை விமர்சனத்திலும் அடிக்கடி வரும் வரி இது. இதை முதலில் சொன்னவன் ஒதெல்லோவேதான், அதுவும் மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு. கொலை செய்தவனின் வாக்குமூலத்தையே நாம் தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது. மூன்றாம் அங்கத்தில் அவன் புலம்புவதைப் பாருங்கள்: இந்த மென்மையான பெண்களை நம்முடையவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம், அவர்களுடைய ஆசைகள் மட்டும் நமக்குச் சொந்தமாவதில்லையே என்கிறான். சொத்து கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றம்தான் இதில் கேட்கிறது. அவனுடைய மாமனாரும் இதே ரகம்தான். டெஸ்டிமோனா சோரம் போகிறாள் என்று பிறகு ஒதெல்லோவைப் பொய்யாக நம்பவைப்பவன் அவனுடைய துணை அதிகாரி இயாகோ. நாடகத்தின் முதல் காட்சியில் அந்த இயாகோ மாமனாரை நள்ளிரவில் எழுப்பி, "திருடர்கள்! வீட்டைப் பார், மகளைப் பார், பணப்பையைப் பார்" என்றுதான் கத்துகிறான்.

டெஸ்டிமோனாவை வாயில்லாப் பூச்சியாக நினைப்பது அடுத்த தவறு. வெனிஸ் செனட் சபையில், அப்பாவுக்கு எதிரே நின்று, தன் கணவனைத் தானே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னவள் அவள். சைப்ரஸ் போர்முனைக்குக் கூடவே போக அனுமதி கேட்டவளும் அவள்தான். அந்தத் துணிச்சலையே இயாகோ பிறகு சாட்சியாகத் திருப்புகிறான்: தகப்பனை ஏமாற்றியவள் உன்னை ஏமாற்றமாட்டாளா? வெனிஸ் பெண்களின் வழக்கம் எனக்குத்தான் தெரியும் என்றும் சொல்லிவைக்கிறான். ஒதெல்லோ அந்த ஊருக்கு அந்நியன், கறுப்பன். அதனால் அந்தப் பேச்சு ஆழமாக இறங்குகிறது. நிறவெறியை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் பொறாமையை விளக்க முடியாது.

அப்புறம் எமிலியா. டெஸ்டிமோனாவுக்கு எதிரான பொய்ச் சாட்சியாக மாறும் அவளுடைய கைக்குட்டையை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தவள் என்பதோடு அவளை முடித்துவிடுகிறார்கள். நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கணவர்களுக்கு உள்ள உணர்ச்சிகள் மனைவிகளுக்கும் உண்டு, மனைவி தடுமாறினால் அதில் கணவனின் குற்றமும் இருக்கிறது என்று அவள் வெளிப்படையாகப் பேசுகிறாள். 1622-இல் வந்த பதிப்பில் இந்தப் பேச்சு கிடையாது. 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இருக்கிறது. கடைசியில் கணவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னபோது, "கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது இல்லை" என்கிறாள். அவன் அவளைக் குத்திக் கொல்கிறான்.

அதற்காக எமிலியாவை அப்பழுக்கில்லாத போராளி ஆக்கிவிடவும் வேண்டாம். டெஸ்டிமோனாவோடு சேர்த்து ஒதெல்லோ சந்தேகப்படும் காசியோவின் காதலி பியாங்கா. ஐந்தாம் அங்கத்தில் அவளை வேசி என்று ஏசுபவளும் எமிலியாதான். "என்னைத் திட்டும் உன்னைப் போலவே நானும் நேர்மையாகத்தான் வாழ்கிறேன்" என்று பியாங்கா அவள் முகத்துக்கு நேரே பதில் சொல்கிறாள்.