வீட்டுச் சாப்பாட்டின் ருசியைத் தொலைவில் இருந்தபடியே மீட்பது எப்படி?

சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில் வாழ்பவர்கள், தாங்கள் சமைப்பதில் வீட்டு ருசி வராதபோது, உரிய பொருள்கள் இங்கே கிடைப்பதில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பொருளும் ஒரு காரணம்தான் என்றாலும், அடுப்பு, தண்ணீர், அறையின் வெப்பம், மசாலாவின் வயது ஆகியவையும் ஊரோடு சேர்ந்து மாறிவிடுகின்றன. எல்லாவற்றையும்விட, சமைத்துப் பழகியவரின் கையளவு நம்மோடு வருவதில்லை. ஆகவே கடை தேடி அலைவதற்கு முன் அந்த அளவைப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் சமைப்பவரைக் கேட்டால் "கண்ணளவாகப் போடு", "பச்சை வாசனை போகும்வரை வதக்கு" என்பார். அவருடைய பக்குவம் கையிலும் மூக்கிலும் இருப்பதால், அதைக் கேட்டு மட்டும் வாங்கிவிட முடியாது. விடுமுறையில் போகும்போது ஒரு சிறிய டிஜிட்டல் தராசை எடுத்துச் சென்று, அவர் சமைக்கத் தொடங்கும் முன் உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய்ப் பாத்திரங்களை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; சமையல் முடிந்தபின் மறுபடியும் எடைபோட்டால், குறைந்திருக்கும் கிராம்தான் அவருடைய கண்ணளவு. இடையில் நிறுத்தி அளந்து போடச் சொன்னால் கை தடுமாறி வேறு அளவு விழக்கூடும் என்பதால், இந்த முறையையே நான் நம்புகிறேன். நேரில் போக முடியாதவர்கள், காணொளி அழைப்பில் கைபேசியை வாணலியின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, வெங்காயம் எண்ணெயில் விழுந்த நேரத்தையும் அது நிறம் மாறிய நேரத்தையும் எழுதிக்கொள்ளலாம். அவர் அடுப்படியில் நிற்கும் காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு சரிசெய்யலாம், இதை முடியாது.

அடுத்தது அடுப்பு. பொருளில் ஈரம் நிறைந்திருக்கும்வரை அதன் சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. பொன்னிறமும் வறுபட்ட மணமும் சுமார் 140 டிகிரியை எட்டிய பிறகே விரைவாக உண்டாகின்றன. சுருள் வைத்த மின்னடுப்பு மெதுவாகச் சூடேறுவதால், வாணலி காய்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், வெங்காயம் தன் நீரிலேயே வெந்து வெளுத்துக் கிடக்கும். அடி கனத்த, அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்குங்கள். வீட்டு மணத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் திரும்புகிறது.

பருப்பு குழையாமல் நின்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர் பருப்பை இளக விடுவதில்லை என்பதால், வடிகட்டி மென்மையாக்கிய நீரில் ஊறவைத்து வேகவையுங்கள். உயரமான ஊரில், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை 1 டிகிரி குறைவதால், பிரஷர் குக்கர் இல்லாமல் சரிவராது. புளிப்பை எப்போதும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும்.

மசாலாவின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. அரைத்தவுடன் அது வேகமாகப் போய்விடும். தூளாக வாங்குவதைத் தவிர்த்து, முழுதாக வாங்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் லேசாக வறுத்துப் பொடியுங்கள். குளிர்ந்த ஊரில் மாவு புளிக்கவில்லை என்றால், அணைத்து வைத்த மின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கலாம். 28 முதல் 32 டிகிரி வரை வெப்பம் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காத பொருள் இருந்தால், அதன் பெயரைத் தேடாமல், அது சமையலில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். புளிப்புக்காகவா, கொழகொழப்புக்காகவா, கசப்புக்காகவா என்று தெரிந்தால் மாற்றுப்பொருள் தானாகத் தென்படும். அரிசியிலும் அப்படியே: அமைலோஸ் என்னும் மாவுச்சத்து மிகுந்த வகை உதிரியாக வரும், குறைந்த வகை ஒட்டிக்கொள்ளும், நம் வீட்டுச் சோறு எப்படி இருந்ததோ அதற்கேற்ற வகையை வாங்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிக் குறித்துவையுங்கள். இறக்கியவுடன் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாமல், வீட்டில் எவ்வளவு நேரம் கழித்துப் பரிமாறுவார்களோ அவ்வளவு நேரம் மூடிவைத்து, அதன்பின் சுவைத்துப் பாருங்கள்.