யூத அடையாளத்தையும் பொருளாதார நிலையையும் சேர்த்து ஆராய்வது எப்படி?

சேலத்தில் சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலும் "யூதர்கள் பணக்காரர்கள்" என்ற முடிவோடுதான் தொடங்குகிறார்கள். அந்த மக்களுக்குக் காலங்காலமாகப் பெருந்தீங்கு செய்த அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

மதத்தையும் இனத்தையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். யூத மரபுச் சட்டப்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவர் இறைநம்பிக்கை இல்லாதவரானாலும் யூதரே. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்த யூதர்களில் 27 சதவீதத்தினர் மதம் சாராதவர்கள். அதே கணக்கெடுப்பில் 23 சதவீதத்தினரின் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலரை எட்டியது. 26 சதவீதத்தினரோ மருத்துவம், வாடகை, உணவு போன்ற செலவுகளுக்குத் திண்டாடியிருந்தனர். ஆகவே சராசரியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

பக்திக்கும் செலவு உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் வண்டி ஓட்டாத ஆர்த்தடாக்ஸ் குடும்பம், அதாவது மரபுச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூதக் குடும்பம், ஜெப ஆலயத்துக்கு நடந்துபோகும் தொலைவில் வீடு தேட வேண்டும். யூத உணவு விதிப்படி தயாரித்த கோஷர் இறைச்சிக்கும், பல பிள்ளைகளின் யூதப் பள்ளிக் கட்டணத்துக்கும் வழி காண வேண்டும்.

இந்தியச் சான்றுகளை விட்டுவிடாதீர்கள். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர், சனிக்கிழமையன்று செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைக்கப்பட்டனர். செவ்வாய்ப்பேட்டையின் பெயரில் கிழமையைக் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும்: தொழிலும் வழிபாடும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டன. பிற்காலத்தில் பம்பாய்க்கு வந்த பாக்தாத் யூத வணிகர்களில் பலர் இவர்களை முழு யூதராக ஏற்கத் தயங்கினர். இஸ்ரேலில் போராடிய பிறகே, 1964-இல் அந்நாட்டு அரசு இவர்களை எல்லா வகையிலும் யூதர் என்று அறிவித்தது. கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்திலோ, அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்குச் சமமான இடம் மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான ஏ.பி. சேலம் என்பவர் படித்து வழக்கறிஞரான பின்னும் அந்த உரிமைக்காகச் சத்தியாகிரகம் செய்ய நேர்ந்தது. கல்வியால் உயர்ந்த ஒருவரைப் பிறப்பின் பெயரால் தடுத்த இந்த நிகழ்வுக்கு உங்கள் ஆய்வேட்டில் தனி இயலே ஒதுக்கலாம்.

கேள்வித்தாளை இறுதி செய்யுமுன் அம்மாப்பேட்டை நெசவாளர் வீடுகள் சிலவற்றில் ஒத்திகை பாருங்கள். தறி எந்த நாளில் நிற்கிறது, அன்றைய கூலி இழப்பை யார் தாங்குகிறார்கள் என்று கேளுங்கள். வருமானத்தை நேரடியாகச் சொல்லத் தயங்குபவர்கள்கூட இதற்கு விவரமாகப் பதில் சொல்வார்கள்.