வீட்டை ஒழுங்குபடுத்தும்போது சறுக்கும் இடங்கள்

அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுப்பது யாருக்கும் கஷ்டமில்லை. அது திரும்ப அதே இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. பார்த்துப் பார்த்து அடுக்கிய வீடு பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டால், வீட்டில் இருப்பவர்களின் சோம்பேறித்தனத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை அடுக்கிய விதத்தில்தான் இருக்கும். எடுக்க வசதியாகவோ பார்க்க அழகாகவோ அடுக்கிவிட்டு, திரும்ப வைப்பவரை மறந்திருப்போம்.

முதலிலேயே டப்பா வாங்குவது

என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் முன்பே ஒரே அளவில் ஒரு டஜன் டப்பா வாங்கிவிடுவது மிகப் பரவலான தவறு. பாதிப் பொருள்கள் அதில் அடங்காது. மீதி டப்பாக்களை நிரப்புவதற்காகவே வேண்டாததையும் வைத்துக்கொள்வோம். சரியான வரிசை இதுதான்: வெளியே எடுங்கள், இனவாரியாக ஒன்றுசேர்த்து வையுங்கள், வேண்டாததைக் கழியுங்கள், மிஞ்சியதை அளந்து பாருங்கள். கடைசியில்தான் டப்பா.

அளப்பதிலும் சறுக்கல் உண்டு. அலமாரியின் உள் அகலத்தை மட்டும் அளந்து வாங்கிய கூடை, கதவின் கீலில் இடித்துக்கொண்டு வெளியே வராது. கதவைத் திறந்து வைத்து, கீல்களுக்கு நடுவே தடையில்லாமல் கிடைக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். கூடைகள் அடியில் குறுகி, வாயில் விரிந்திருக்கும். ஆகவே வாய்ப்பக்க அளவுதான் கணக்கு. அகலத்தில் 2 செ.மீ. தளர்வும், மேலே கை நுழையும் உயரமும் விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் முழு வீடும்

எல்லாவற்றையும் கூடத்தின் நடுவே கொட்டிவிட்டு, மாலையில் களைத்துப்போய் அப்படியே அள்ளி உள்ளே திணிப்பதில்தான் இது முடியும். எடுத்துப்போட ஆகும் நேரத்தைவிட, ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பல மடங்கு நேரம் ஆகும். ஒரு இழுப்பறை, அரை மணி நேரம், அதில் கடைசி 10 நிமிடம் திரும்ப வைப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியில் தொடங்கினால் எளிது; காலாவதித் தேதியே பாதி முடிவை எடுத்துவிடும். பழைய புகைப்படங்களிலும் கடிதங்களிலும் தொடங்கினால் அன்றைய வேலை அதோடு சரி.

முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, மூடி, அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். ஆறு மாதம் வரை யாரும் அதைத் தேடவில்லை என்றால் கொடுத்துவிடலாம். கொடுக்க வேண்டியவை நிறைந்த பை வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. இருந்தால் ஒவ்வொன்றாக மீண்டும் அலமாரிக்கே வந்துவிடும்.

மூடிக்குள் மூடி

கதவைத் திறப்பது ஒன்று, பெட்டியை இழுப்பது இரண்டு, மூடியைக் கழற்றுவது மூன்று. தினமும் புழங்கும் பொருளுக்கு இரண்டு அசைவுக்கு மேல் வைத்தால், அது மேசை மேலேயே தங்கிவிடும். மேசையும் சமையல் மேடையும் நிரம்பி வழிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தினசரிப் பொருள்களுக்கு மூடியில்லாத கூடை போதும். ஒன்றன் மேல் ஒன்றாகப் பெட்டிகளை ஏற்றி வைப்பதும் அப்படித்தான். அடிப்பெட்டியில் இருப்பது வீட்டில் இல்லாததற்குச் சமம்.

உயரமும் முக்கியம். அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே, கனமானவை இடுப்புக்குக் கீழே, எப்போதாவது வேண்டிய, எடை குறைந்தவை மேலே. கனமான பெட்டியைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, நாற்காலி மேல் நின்று இறக்குவது விழுந்து அடிபடுவதற்கான வழி.

அதிகமாகப் பிரிப்பதும் தவறுதான். பேனாவுக்கு ஒரு பகுதி, பென்சிலுக்கு ஒன்று, அழிப்பானுக்கு ஒன்று என்று பிரித்தால், பிரித்தவர் மட்டுமே அதைக் காப்பாற்றுவார். ‘எழுதுபொருள்’ என்று ஒரே பெட்டி இருந்தால் யாரும் சரியாகப் போடுவார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். துணி இழுப்பறையைக் கையால் அமுக்கி மூட வேண்டியிருந்தால் அது நிறைந்துவிட்டது என்று பொருள். துணிகளைப் படுக்கையாக அடுக்காமல் நிற்க வைத்து அடுக்கினால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஒன்றை உருவினால் மற்றவை சரியாது.

பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கெடுப்பது

வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்னால் காற்று ஓடாது; ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். 5 செ.மீ. தள்ளி வையுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முழுதாகக் காயாத துணியை மடித்து வைப்பதும் அதே விளைவைத் தரும். இறகு அடைத்த போர்வையைக் காற்று உறிஞ்சிய பையில் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் அதன் உப்பல் போய்விடும். குளியலறை அலமாரி மருந்துக்கான இடமே அல்ல. ஆவியும் சூடும் மருந்தைக் கெடுக்கும். பளபளப்பான தாளில் அச்சாகும் ரசீதுகள் மங்கிவிடும் என்பதால் உத்தரவாதத்துக்கு வேண்டியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்களை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

பெரியவர்களின் கண்மட்டத்தில் வீடு

குழந்தை தன் பையை மாட்டவில்லை என்று கடிந்துகொள்ளும் முன், கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது குழந்தையின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வயதில் பெட்டியின் மேல் எழுத்துக்குப் பதில் படம் ஒட்டலாம். விளையாட்டுப் பொருள்கள் அத்தனையையும் வெளியே வைப்பதும் உதவாது. 2018-இல் வெளியான டொலீடோ பல்கலைக்கழக ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினார்கள். மற்றவற்றை எடுத்து வைத்து, சில வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பாதி கட்டிய கோபுரத்தை இரவில் கலைக்காமல் விட ஒரு மூலையும் ஒதுக்குங்கள். அதைக் குப்பை என்று எண்ண வேண்டாம்.

இழுப்பறை அலமாரியைச் சுவரில் பிணைக்காமல் விடுவது மிக ஆபத்தான தவறு. இரண்டு மூன்று இழுப்பறைகள் ஒன்றாகத் திறந்தால் எடை முன்னால் வந்து அலமாரி கவிழும். குழந்தை அதில் ஏறினால் கேட்கவே வேண்டாம். திருகாணி உறுதியான சுவரிலோ சட்டத்திலோ இறங்கியிருக்க வேண்டும், மெல்லிய பலகையில் அல்ல. பட்டன் பேட்டரிகளைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். ப்ளீச்சை அமிலம் கலந்த கழுவுநீர்மத்தோடும் அமோனியாவோடும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். குடிநீர் பாட்டிலில் மாற்றி வைப்பதும் கூடாது.

ஒருவர் தலைக்குள் இருக்கும் வரைபடம்

எது எங்கே என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்தால் அவருக்கு ஓய்வே கிடையாது. கேட்பதற்கு எப்போதும் யாராவது நிற்பார்கள். அடுத்தவர் பொருளை அவரிடம் கேட்காமல் கழிப்பது இன்னும் மோசம். அதன் பிறகு எதையும் வெளியே வைக்க மற்றவர்கள் தயங்குவார்கள். ஒளித்து வைக்கத் தொடங்குவார்கள். ‘கத்தரிக்கோல் எங்கே?’ என்ற கேள்வி மூன்றாம் முறையாக வந்தால் எரிச்சலோடு எடுத்துக் கொடுக்காமல், கேட்டவர் முதலில் எந்த இழுப்பறையைத் திறந்து தேடினார் என்று விசாரியுங்கள். கத்தரிக்கோலை அங்கே மாற்றிவிட்டு, வெளியே பெயரை எழுதி ஒட்டுங்கள்.